என்னுடைய விரிசல்

மரீன்யா கிராண்டே. காலை ஷிஃப்ட்.
வெள்ளை விளக்குப் பலகைக்கு முன்னால்
ஆலிவ் எண்ணெய்க்கான பச்சைப் பாட்டில்கள்
கழுத்தை நீட்டிக்கொண்டு வருகின்றன,
நிமிடத்துக்கு அறுபது.
குமிழி, கல், கீறல், கோணல் வாய்,
எது தென்பட்டாலும் இடப்பக்கம் தள்ளவேண்டும்.
பதினேழு வருடமாக
பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அன்று பத்து இருபதுக்கு
ஒரு பாட்டிலின் தோளில் விரிசல்.
ரம்பப் பல் போல, மினுமினுத்துக்கொண்டு.
தள்ளினேன்.
அடுத்ததிலும் அதே விரிசல்.
அதற்கடுத்ததிலும்.
உலையில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன்.
எந்த உலையில் என்று
யோசிக்கவில்லை.

நாற்பத்தொரு பாட்டில்.
மேற்பார்வையாளர் அபிலியோ எல்லாவற்றையும்
ஒரு தட்டில் அடுக்கி என் மேஜைக்குக் கொண்டுவந்தார்.
சத்தம் போடுகிற ஆள் இல்லை அவர்.
அவருடைய ஷேவிங் லோஷன்தான் சத்தம் போடும்.
“இடலீனா, விரிசலைக் காட்டு.”
ஒன்றை எடுத்துப் பார்த்தேன். இல்லை.
இன்னொன்று. அதிலும் இல்லை.
அதற்குள் வலி வந்துவிட்டிருந்தது,
வலது கண்ணுக்குப் பின்னால்,
வாடகை தராத குடித்தனக்காரன் மாதிரி
கதவைக்கூடத் தட்டாமல்.

“உடம்பு சரியில்லையா?”
“வயிறு” என்றேன்.
வயிற்றுக்கு ஒரு மரியாதை இருக்கிறது இங்கே.
வயிறு என்றால் மேலே கேட்கமாட்டார்கள்.
தலை என்றால்,
எனக்கும்தான் வலிக்கும்,
காபி குடி, வெளியே போய்க் காற்று வாங்கு,
இதென்ன தலைபோகிற விஷயமா என்பார்கள்.
தலைபோகிற விஷயம்தான், அபிலியோ.
தலை போய்த் தொலைந்தாலும் தேவலை என்கிற விஷயம்.
சொல்லவில்லை.
லீவு எடுத்தால் முதல் மூன்று நாள் சம்பளம் கிடையாது.
இது வந்துபோவதோ ஒரே நாளில்.

அட்டைப்பெட்டிக் கிடங்கின் இருட்டில்
ஈரத்துண்டைக் கண்ணில் போட்டுக்கொண்டு
காகித வாசனையையும் பொறுக்கமுடியாமல்
வாளியில் குனிந்திருந்த அரைமணி நேரத்தை
என் கணக்கில் கழித்தார்கள்.
நியாயம்தான்.
யாரும் எதையும் பார்க்காத அரைமணி.

அந்த நாற்பத்தொன்றில் ஒன்றை
பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
(திருட்டு இல்லை. கழிவுச் சீட்டு ஒட்டியிருந்தது.)
அடுப்படி ஜன்னலில் வைத்தேன்.
வெளியே, தீ தின்று முடித்த பைன் காட்டின்
கரிக்கம்பங்கள். அவற்றின் காலடியில் புதுக் கன்றுகள்.
ஒன்பது நாள் கழித்து, பீன்ஸ் நறுக்கும்போது
பாட்டிலின் தோளில் அதே ரம்பப் பல்.
கத்தியைக் கீழே வைத்தேன்.
பாட்டிலைத் திருப்பினேன்.
பாட்டில் திரும்பியது.
விரிசல் திரும்பவில்லை.

அவ்வளவுதான் கண்டுபிடிப்பு.
எந்த டாக்டரும் சொல்லவில்லை,
பத்துக்கு எத்தனை வலி என்று மட்டும் கேட்டார்கள்.

இப்போது சந்தேகம் வந்தால்
கால்திருப்பு திருப்பிப் பார்க்கிறேன்.
கூடவே திரும்பினால் அது கண்ணாடியுடையது.
நின்ற இடத்தில் நின்றால் என்னுடையது,
கையில் இருபது நிமிடம் இருக்கிறது என்று அர்த்தம்.
மாத்திரை, ஒரு மடக்குத் தண்ணீர்,
பச்சைக் கையுறையை வரிசைக் கம்பியில் கவிழ்த்துவைப்பது.
அதைக் கண்டதும் பொதிகட்டும் இடத்திலிருந்து ஸுல்மிரா
சூயிங்கம்மை மென்றபடி வந்து
என் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வாள்.
அவளுக்கு நான் விளக்கியதே இல்லை.
இரண்டாம் தடவை அவளாகவே வந்தாள்.

அவள் இடத்தில் வெளிச்சம் குறைவு.
பெட்டி மடிக்கிறேன். கை அறியும், கண் வேண்டாம்.
சில நாள் மாத்திரை முந்திக்கொள்கிறது.
சில நாள் அது முந்திக்கொள்கிறது,
அப்போது வாளி.

நேற்று அபிலியோ என் அருகே நின்று
“ஏன் சில பாட்டிலை மட்டும் திருப்புகிறாய்?” என்றார்.
“யாருடையது என்று பார்க்கிறேன்.”
அவருக்குப் புரிந்திருக்காது.
ஆனால் இன்று காலை
அவர் லோஷன் போட்டுக்கொண்டு வரவில்லை.
தீர்ந்துபோயிருக்கலாம்.